வேலை முடிந்து நேரத்தோடு வீடு திரும்ப: பணிமுறையைத் திருத்தி அமைக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒரு தொழிற்சாலை, ஓட்டல், துணிக்கடை, ஆடிட்டர் அலுவலகம் என ஏதோ ஓரிடத்தில் மனிதவளப் பொறுப்பை இப்போதுதான் ஏற்றிருக்கிறீர்கள். அல்லது சூப்பர்வைசராக இருந்து மேலாளராக உயர்ந்திருக்கிறீர்கள். "ஆட்கள் நிலைத்து நிற்பதில்லை, திடீர் திடீரென்று லீவு போடுகிறார்கள், ஏதாவது செய்யுங்கள்" என்று முதலாளி சொல்லிவிட்டார். எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பலருக்கும் முதலில் தோன்றுவது யோகா வகுப்பு, பிறந்தநாள் கேக், ஆண்டுக்கொரு சுற்றுலா. அவற்றில் தவறொன்றும் இல்லை. ஆனால் இரவு எட்டரைக்கு வீடு போய்ச் சேருகிறவரை அவற்றில் எதுவும் ஆறரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. அவர் தாமதமாகத் திரும்புவதற்கான காரணம் வேலை கோக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. யாருடைய கையெழுத்துக்கு யார் காத்திருக்கிறார், நாளைய ஷிப்ட் எப்போது தெரிகிறது, லாரி எத்தனை மணிக்கு வருகிறது என்பவற்றில் இருக்கிறது. அங்கே கைவைத்தால் வீடும் நிம்மதியாகும், வேலையும் சீராகும். ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் மற்றொன்று கிடைக்கும் என்று முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒரே மாதிரி நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் உங்கள் முதல் தடை.

முதல் வேலை: சட்டம் போட்ட கோட்டுக்குள் இருக்கிறோமா என்று பாருங்கள்

எட்டு மணி நேர வேலை என்பது இந்த ஊருக்கு யாரோ கொடுத்த சலுகையாக வரவில்லை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் உயிரிழந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1937இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. கடலூர்ப் பக்கத்தில் அண்மைக் கதை ஒன்று உண்டு. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதால் அந்த ஆண்டு மே தினத்தன்றே திரும்பப் பெறப்பட்டது. வேலை நேரத்தில் கைவைக்கிறவர் இந்த இரண்டையும் மனத்தில் வைத்திருப்பது நல்லது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. தொழிற்சாலைகளுக்கு இப்போது பொருந்துவது அவைதான். வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற உச்சவரம்பும், அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு இருமடங்கு கூலி என்ற விதியும் பழைய சட்டத்தில் இருந்தபடியே தொடர்கின்றன. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. கடலூரில் இருந்தால் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்; எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டிவிட்டால் புதுச்சேரியின் 1964ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டு ஊரிலும் கிளை வைத்திருப்பவர்கள் ஒரே விதிமுறைத் தாளை இரண்டு இடத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள்.

தமிழ்நாட்டுச் சட்டப்படி நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு தரவேண்டும். 2021இல் வந்த திருத்தம், கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை போடவேண்டும் என்கிறது. லாரன்ஸ் சாலைத் துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலைபார்க்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். கால் வலியோடு வீடு திரும்புகிறவருக்கு மிச்சமிருக்கும் மாலைப் பொழுது எப்படிப்பட்டதாக இருக்கும்? முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகமும் சட்டக் கடமைகள். இவற்றில் ஏதேனும் விடுபட்டிருந்தால் வேறு எதையும் தொடங்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள். சட்டம் தரும் உரிமையை "புதிய நலத்திட்டம்" என்று அறிவித்தால், நீங்கள் அடுத்துச் சொல்லும் எதையும் ஊழியர்கள் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது: நேரம் எங்கே போகிறது என்று எழுதச் சொல்லுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஆனால் எல்லோரும் தாண்டிக் குதித்துப் போவதும் இதைத்தான்.

கைரேகைக் கருவி ஒருவர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று மட்டும்தான் சொல்லும். இடையில் என்ன நடந்தது என்று சொல்லாது. அதற்கு ஓர் அரைத்தாள் போதும். நான்கு பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள்: வந்த நேரம், கிளம்பிய நேரம், எதற்காகக் காத்திருந்தேன், வீட்டில் என்ன தவறியது. இரண்டு வாரத்துக்கு ஒவ்வொருவரும் நாள் முடிவில் நிரப்பட்டும். பெயர் எழுத வேண்டாம், பிரிவின் பெயர் போதும். எழுதச் சிரமப்படுகிறவர்களிடம் அவர்கள் நம்பும் சக ஊழியர் ஒருவர் கேட்டு எழுதிக்கொள்ளலாம். மேலாளரோ முதலாளியின் உறவினரோ அந்த வேலையைச் செய்யக் கூடாது.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பேக்கிங் பிரிவில் இப்படி வந்த தாள்களைப் பார்த்தேன். ஒன்றில் "லேபிள் வரவில்லை, 40 நிமிடம்" என்று இருந்தது. அதே வரிசையில் கடைசிப் பத்தியில், "பாகூர் பஸ் போய்விட்டது. பிள்ளை பக்கத்து வீட்டில் தூங்கிவிட்டான்." இன்னொன்றில், "லேபிள் வரவில்லை. மாமியாருக்கு மாத்திரை நேரம் தவறியது." மூன்றாவதில் வெறுமனே "லேபிள்" என்று மட்டும். அந்தப் பிரிவில் எல்லோரும் இரவு எட்டு மணிக்குக் கிளம்புவதற்கு ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்று நிர்வாகம் பல மாதங்களாகச் சொல்லிவந்தது. உண்மையில், லேபிளில் அச்சாகும் தேதியையும் விலையையும் சரிபார்த்துக் கையெழுத்திட ஒரே ஒரு மேலாளருக்குத்தான் அதிகாரம் இருந்தது. அவர் பிற்பகல் நான்கு மணிவரை கூட்டங்களில் இருப்பார். லாரி ஐந்தரைக்கு வரும். ஆக மதியம் இரண்டு முதல் நான்கு வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள், நான்கு முதல் எட்டு வரை மூச்சுவிடாமல் வேலை செய்தார்கள். அவசரத்தில் பெட்டி மாறிப்போய்த் திரும்பி வந்த சரக்குக்குத் தனிச் செலவு.

உங்கள் நிறுவனத்திலும் இப்படியொரு லேபிள் இருக்கும். வேறு பெயரில் இருக்கும். மருத்துவமனையில் அது அடுத்த ஷிப்ட் செவிலியர் வராமல் இவர் கிளம்ப முடியாத நிலையாக இருக்கும். ஆடிட்டர் அலுவலகத்தில் வாடிக்கையாளர் பத்தொன்பதாம் தேதி மாலை கொண்டுவந்து கொட்டும் பில் கட்டாக இருக்கும்.

ஒப்பந்தத் தொழிலாளர்களிடமும், துப்புரவுப் பணியாளர்களிடமும், வாசல் காவலரிடமும் அந்த அரைத்தாளைக் கொடுக்க மறக்காதீர்கள். பல இடங்களில் மிக நீண்ட நேரம் வேலை செய்கிறவர் காவலர்தான்; அவரை யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது: ஒன்றை மட்டும் எடுங்கள்

தாள்களைத் தொகுத்தால் பத்துப் பதினைந்து குறைகள் வரும். அத்தனையையும் ஒரே நேரத்தில் சரிசெய்யப் புறப்பட்டால் ஒன்றும் நடக்காது. ஒரு குறையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு இரண்டு தகுதிகள் இருக்க வேண்டும்: அதனால் வேலை கெட வேண்டும், அதனாலேயே வீடும் கெட வேண்டும். லேபிள் கையெழுத்துக்கு இந்த இரண்டு தகுதியும் இருந்தது. கேன்டீன் சாம்பாரில் உப்பு அதிகம் என்பதற்கு இல்லை. அதையும் சரிசெய்யுங்கள், ஆனால் அது வேறு கணக்கு.

இந்த இரட்டைப் பார்வைக்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. 1990களில் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் அணியை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். பொறியாளர்கள் இரவிலும் வார இறுதியிலும் வேலை செய்ததற்குக் காரணம், பகல் முழுவதும் ஒருவரையொருவர் குறுக்கிட்டுக்கொண்டே இருந்ததுதான் என்று தெரியவந்தது. வாரத்தில் சில நாள்கள் காலையில் யாரும் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று "அமைதி நேரம்" வைத்துப் பார்த்தார்கள். அந்த அணி தன் பொருளைச் சொன்ன தேதியில் வெளியிட்டது. ஆளையும் கூட்டவில்லை, சம்பளத்தையும் மாற்றவில்லை. குறுக்கீட்டை மட்டும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தார்கள்.

நான்காவது: சம்பந்தப்பட்டவர்களோடு உட்கார்ந்து வழி தேடுங்கள்

தீர்வை நீங்கள் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் அது உங்கள் தீர்வாகவே இருந்துவிடும். அந்த வேலையைச் செய்கிறவர்களையும், அதற்கு முந்தைய வேலையையும் பிந்தைய வேலையையும் செய்கிறவர்களையும் ஒரு மணி நேரம், வேலை நேரத்துக்குள்ளேயே, உட்கார வையுங்கள். லேபிள் விஷயத்தில் வழி சொன்னது மேலாளர் அல்ல. பேக்கிங்கில் மூத்தவராக இருந்த ஓர் அம்மா. "நாளைக்குப் போகிற சரக்குக்கு இன்றைக்கே லேபிள் பார்த்து வைக்கலாமே" என்றார். கூடவே, கையெழுத்திடும் அதிகாரம் தரக்கட்டுப்பாட்டில் இன்னொருவருக்கும் கொடுக்கப்பட்டது. பதினோரு மணிக்குள் கையெழுத்து முடிந்தது. ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள்.

இந்தப் பகுதியில் அடிக்கடி தேவைப்படும் மாற்றங்கள் சிலவற்றை இங்கே சொல்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷிப்ட் அட்டவணையை இரண்டு வாரம் முன்பே வெளியிடுவதுதான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்லும் மாற்றம். நாளை காலை ஷிப்டா, இரவு ஷிப்டா என்பதை முந்தின நாள் இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப் குழுவில் தெரிந்துகொள்கிறவரால் பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்கும் போக முடியாது, ஜிப்மரில் அப்பாவைக் காட்டவும் நாள் குறிக்க முடியாது. அதனால் திடீர் லீவு போடுகிறார். திடீர் லீவு வந்ததால் நீங்கள் இன்னொருவரின் ஷிப்டை இரவோடு இரவாக மாற்றுகிறீர்கள். அவர் மறுநாள் திடீர் லீவு போடுகிறார். அமெரிக்காவில் கேப் என்ற துணிக்கடை நிறுவனம் 2015-16இல் சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ பகுதிக் கடைகளில் அட்டவணையை நிலையாக்கிப் பார்த்தது. இரண்டு வார முன்னறிவிப்பு, ஊழியர்கள் தங்களுக்குள் ஷிப்டை மாற்றிக்கொள்ளும் வசதி போன்றவை அதில் இருந்தன. அந்தக் கடைகளில் விற்பனை 7 சதவீதம் கூடியது. நேரு வீதிக் கடைகளின் மேலாளர்கள் இந்த எண்ணை முதலாளியிடம் தைரியமாகக் காட்டலாம்.

ஷிப்டைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். இருவர் கையெழுத்திட்டால் போதும், மேலாளருக்குத் தகவல் மட்டும். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறவர்கள், மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ இருக்க வேண்டியவர்கள், கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் வீட்டில் இருக்க வேண்டியவர்கள் என ஒரே கூரையின் கீழ் எல்லோரும் இருப்பதால் இந்த மாற்றல் இயல்பாகவே நடக்கும். நீங்கள் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

ஜிப்மர் பற்றிச் சொன்னேன். கோரிமேட்டில் புறநோயாளர் சீட்டு வாங்கி மருத்துவரைப் பார்த்து மருந்து வாங்கி வெளியே வர ஒரு காலைப் பொழுது ஆகிவிடும். இதற்கு முழுநாள் லீவு போடவைப்பதைவிட, பிற்பகல் ஒரு மணிக்கு வந்து சேர அனுமதிக்கும் அரைநாள் விடுப்பு இரு தரப்புக்கும் நல்லது. பல நிறுவனங்களில் அரைநாள் விடுப்பு என்ற ஏற்பாடே கிடையாது. கேட்டால், கணக்குப் போடும் மென்பொருளில் வழியில்லை என்கிறார்கள். மென்பொருளை மாற்றுங்கள்.

புதுச்சேரி ஓட்டல்களுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை மாலை முதல் ஞாயிறு இரவு வரை சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் கூட்டத்தால் ஊர் நிரம்பி வழிகிறது. சனி, ஞாயிறில் எல்லோருக்கும் விடுமுறை தர முடியாது என்பது உண்மை. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு கட்டாயம் ஒவ்வொருவருக்கும் சுழற்சியில் வரும் என்று அட்டவணையில் எழுதிவிட முடியும். அதைவிட முக்கியமானது, பிளந்த ஷிப்டை ஒழிப்பது. காலை பதினொன்று முதல் மூன்று, பிறகு மாலை ஏழு முதல் பதினொன்று என்று வேலை வாங்கும்போது நடுவில் உள்ள நான்கு மணி நேரம் யாருக்கும் உதவாது. வில்லியனூரிலிருந்து வருகிறவர் வீட்டுக்குப் போய்த் திரும்பவும் முடியாது, ஓட்டலில் படுக்கவும் இடம் இருக்காது. மதியம் கடையை மூடி நான்கு மணிக்குத் திறக்கும் புதுச்சேரி வழக்கத்தில் கடை ஊழியர்களுக்கும் இதே துன்பம்தான். முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார், ஊழியர் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். எட்டு பேர் இருக்கும் இடத்தில் நான்கு பேருக்கு முன்ஷிப்ட், நான்கு பேருக்குப் பின்ஷிப்ட் என்று நேராகப் பிரித்து, கூட்டம் மிகும் நேரத்தில் மட்டும் இரண்டும் ஒன்றோடொன்று மேற்படியும்படி அமைக்கலாம். அட்டவணை போடுகிறவருக்கு முதல் இரண்டு வாரம் தலைவலி இருக்கும், பிறகு பழகிவிடும்.

கணக்குப் பிரிவுகளுக்கு மாதம் முழுவதும் கெடு தேதிகள்தான். 7ஆம் தேதி டிடிஎஸ், 11ஆம் தேதி ஜிஎஸ்டி விற்பனை விவர அறிக்கை, 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20ஆம் தேதி மீண்டும் ஜிஎஸ்டி. இந்தத் தேதிகளை உங்களால் நகர்த்த முடியாது. ஆனால் பில்கள் உங்கள் மேசைக்கு வரும் நாளை நகர்த்த முடியும். வாரந்தோறும் சனிக்கிழமைக்குள் அந்த வாரக் கொள்முதல் பில்கள் பதிவாக வேண்டும் என்று ஸ்டோர் பிரிவோடு பேசி முடிவுசெய்யுங்கள். கெடு முடிந்த மறுநாள் பிரிவில் பாதிப் பேருக்காவது ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி கொடுங்கள்.

பிரெஞ்சு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் அலுவலகங்கள் புதுச்சேரியில் உண்டு. பாரிஸுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம் வித்தியாசம், குளிர்காலத்தில் நான்கரை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை மாற்றியதும் இங்கே எல்லோருடைய மாலையும் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகிறது. அதை முன்கூட்டியே அட்டவணையில் சேருங்கள். வருகிற நேரத்தையும் அதற்கேற்ப ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்று அஞ்ச வேண்டாம். பணி நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை அவர்கள் நாட்டில் 2017 ஜனவரி 1 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் அலுவலகச் செய்தி அனுப்புவதில்லை, உண்மையான அவசரம் என்றால் தொலைபேசியில் அழைப்பது என்ற ஒரே விதியை நீங்களும் வைக்கலாம். அழைக்கக் கூச்சமாக இருக்கும் விஷயம் எதுவும் காலைவரை காத்திருக்கும்.

ஐந்தாவது: முதலாளியிடம் பணக் கணக்கோடு போங்கள், தொழிலாளியிடமும் அப்படியே

பத்துப் பேர் உள்ள ஒரு பிரிவை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 26 நாளுக்கு 15,600 ரூபாய் சம்பளம் என்றால் நாளுக்கு 600, மணிக்கு 75. ஓவர்டைம் இருமடங்கு என்பதால் மணிக்கு 150. பத்துப் பேரும் தினம் இரண்டு மணி நேரம் ஓவர்டைம் செய்தால் மாதத்துக்கு 520 மணி நேரம், 78,000 ரூபாய். அது சரியாக ஐந்து பேரின் மாதச் சம்பளம். ஆனால் 520 மணி நேரம் என்பது இரண்டரை பேர் செய்யும் வேலைதான். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு முதலாளி முன் வையுங்கள். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இருமடங்கு தராத இடம் என்றால் இந்தக் கணக்கு அவருக்குப் பொருந்தாது. அப்போது முதல் படிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

உடல்நலக் கணக்கும் உண்டு. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாக வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

இனி மறுபக்கம். பல தொழிலாளர்கள் ஓவர்டைமை விரும்புகிறார்கள். விரும்புகிறார்கள் என்பதைவிட, அது இல்லாமல் அவர்கள் வீட்டுக் கணக்கு நேராவதில்லை. மகளிர் குழுக் கடன் தவணை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வீட்டு வாடகை எல்லாம் அந்த ஓவர்டைம் பணத்தை நம்பித்தான் ஓடுகின்றன. அவர்களிடம் போய் "இனிமேல் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னால், கையில் வரும் பணம் குறையப்போகிறது என்றுதான் அவர்கள் காதில் விழும். அப்படிச் செய்துவிட்டு அதைச் சமநிலை என்று பெயரிட்டு அழைப்பது அநியாயம். ஓவர்டைம் குறைவதால் மிச்சமாகும் தொகையில் ஒரு நல்ல பங்கை, குறைந்தது பாதியை, நிலையான மாதப் படியாகச் சம்பளத்தில் சேர்க்க வேண்டும் என்று முதலாளியிடம் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். மேலே போட்ட கணக்கில் ஓவர்டைம் முழுவதும் நின்று, அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தால் ஒருவருக்கு மாதம் 3,900 ரூபாய். இழப்பு முழுவதும் ஈடாகாது. ஆனால் அது ஒவ்வொரு மாதமும் நிச்சயமாக வரும். வேலை இருக்கும் மாதம் வந்து, இல்லாத மாதம் நின்றுபோகும் பணமாக இருக்காது. இதை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். இந்த ஏற்பாடு இல்லாமல் ஓவர்டைமைக் குறைக்கும் எந்தத் திட்டத்துக்கும் நீங்கள் துணைபோகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆறாவது: எட்டு வாரம் செய்து பாருங்கள்

ஒரே பிரிவில் தொடங்குங்கள். பொங்கல், தீபாவளிக் காலத்தையும் வடகிழக்குப் பருவமழையையும் தவிர்த்து, பிப்ரவரி அல்லது ஜூலைபோல ஓரளவு சீரான மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். நான்கை மட்டும் அளந்தால் போதும்: கிளம்பும் நேரம், ஓவர்டைம் மணிகள், முன்னறிவிப்பில்லாத லீவு, திரும்பி வந்த அல்லது தாமதமான வேலை. தொடங்குவதற்கு முந்தைய எட்டு வாரத்தின் எண்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது. நான்காவது வாரத்தில் மீண்டும் அந்த அரைத்தாளைக் கொடுங்கள்.

முதல் இரண்டு வாரம் குழப்பமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நான்காவது வாரத்திலும் ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை என்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும்

பெரும்பாலும் நடுவில் இருந்துதான் வரும். இரவு ஒன்பது வரை இருப்பதையே விசுவாசம் என்று எண்ணி இருபது ஆண்டு உழைத்த சூப்பர்வைசருக்கு, ஆறு மணிக்குக் கிளம்புகிறவரைப் பார்த்தால் மனம் ஒப்பாது. அவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் வாழ்க்கையில் அதற்கு அவர் கொடுத்த விலை பெரியது. அவருக்கும் அரைத்தாள் கொடுங்கள், அவர் வீட்டில் என்ன தவறியது என்று அவரும் எழுதட்டும். மேலாளர் தாமே வாரத்தில் இரண்டு நாளாவது எல்லோர் கண்ணிலும் படும்படி நேரத்தோடு கிளம்ப வேண்டும். அவர் இருக்கையில் இருக்கும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு ஆபத்து, இதைப் "பெண்களுக்கான சலுகை" என்று ஆக்கிவிடுவது. அப்படி ஆக்கினால் பெண்களுக்குப் பதவி உயர்வில் பின்னடைவு வரும், ஆண்கள் கேட்கக் கூசுவார்கள். அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் மகனும் இருக்கிறார், மாலை டியூஷனிலிருந்து மகளைக் கூட்டிவரும் தகப்பனும் இருக்கிறார். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். இரவு எட்டு மணிக்கு மேல் முடியும் ஷிப்டுக்கு வீட்டு வாசல்வரை வண்டி என்பதையும் பாலினம் பார்க்காமல் எழுதுங்கள். ஆண்டு இறுதியில் இன்னொன்றையும் சரிபாருங்கள்: அரைநாள் விடுப்பை அதிகம் எடுத்தவர்களுக்கு இன்க்ரிமென்ட் குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் அடுத்த ஆண்டு யாரும் அந்த விடுப்பை எடுக்க மாட்டார்கள்.

கடைசியாக: மழைக்கு ஒரு பக்கம்

எட்டு வாரத்தில் பலன் தந்த விதிகளை ஒரே தாளில், எளிய தமிழில் எழுதி, வேலையில் சேரும் நாளிலேயே நியமனக் கடிதத்தோடு கொடுங்கள். அந்தத் தாளின் பின்பக்கத்தை மழைக்கு ஒதுக்குங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இவை போன்ற நாள்களில் "வரவா, வேண்டாமா" என்று காலை ஏழு மணிவரை வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டு, சாலையில் தண்ணீர் ஓட இருசக்கர வாகனத்தில் கிளம்பும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

பின்பக்கத்தில் எழுத வேண்டியவை இவை. எச்சரிக்கை வந்தால் மறுநாள் வேலை உண்டா இல்லையா என்று முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் ஒருவர் முடிவு சொல்வார். அவர் யார், அவர் இல்லையென்றால் அடுத்தவர் யார். கொதிகலன், குளிர்பதன அறை போல நிறுத்த முடியாதவற்றுக்கு யார் தங்குவார்கள், அவர்களுக்கு உணவும் படுக்கையும் எங்கே, அவர்கள் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள யார் போவார்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்குச் சுத்தம் செய்ய இரண்டு நாள் சம்பளத்துடன் விடுப்பு, சான்றிதழ் கேட்காமல். நிறுவனமே மூடிய நாளை ஊழியரின் சொந்த விடுப்பில் கழிக்கக் கூடாது என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். இதையெல்லாம் செப்டம்பருக்குள் முடிவுசெய்து, கேன்டீன் சுவரில் ஒரு பிரதி ஒட்டிவிடுங்கள்.